கொல்லிமலையில் கடிகாரம் வேகமாக ஓடும்

முட்டை வண்டி ஓட்டுகிறவனிடம் போய் வேகத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பான். குணசீலனிடம் பேசினால் சிரிக்கக்கூட மாட்டான், முறைப்பான். நாமக்கல்லைச் சுற்றியிருக்கிற கோழிப்பண்ணைகளில் லோடு ஏற்றிக்கொண்டு, வாளையாரைத் தாண்டிப் பாலக்காடு, திருச்சூர் என்று இருபத்திரண்டு வருடமாகப் போய் வருகிறவன் அவன். லோடு இருக்கும்போது நாற்பத்தைந்துக்கு மேல் முள் ஏறியதில்லை. பின்னால் வருகிறவன் ஆரன் அடித்துக் கை ஓய்ந்து, ஒதுங்கி முந்தும்போது ஒரு கெட்ட வார்த்தையையும் வீசிவிட்டுப் போவான். குணசீலன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். மற்ற டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஆமை. அதிலும் அவனுக்கு வருத்தம் கிடையாது.

வேகத்தடையில் ஒரு சக்கரம் கொஞ்சம் அழுத்தி இறங்கினால் போதும், அடி அடுக்கில் ஒரு முட்டையில் மயிரிழை அளவுக்குக் கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் அது ஒழுகும், கீழே இருக்கிற அட்டை நனையும், திருச்சூர் கடைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மொத்த அடுக்கையும் வெளியே தள்ளுவான். ஆகவே சின்ன விஷயம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது குணசீலனின் கட்சி. இருபத்திரண்டு வருடம் அவனுக்குச் சோறு போட்டது அதுதான். கடைசியில் அவனைக் கெடுத்ததும் அதுதான்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அவன் வீடு. மொட்டைமாடியில் ஏறி நின்றால் கிழக்கே கொல்லிமலை முழுசாகத் தெரியும். மனைவி தமிழ்ச்செல்வி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண் கனிஷ்கா. துடுக்குக்காரி. அப்பனை ஆமை என்று ஊரார் கூப்பிடுவது தெரிந்ததும், பள்ளிக்கூட ஓவியப் போட்டியில் முட்டை சுமக்கிற ஆமையை வரைந்து பரிசு வாங்கி வந்தவள். அந்தப் படத்தை வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிந்தான் குணசீலன், வெட்கமில்லாத மனுஷன்.

எட்டாம் வகுப்பில் அவள் நடக்கும்போது தடுக்கி விழ ஆரம்பித்தாள். செருப்புச் சரியில்லை என்று நினைத்தார்கள். செருப்பை மாற்றியும் விழுந்தாள். ஒன்பதாவது போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நரம்பில் ஏதோ நோய். பெயர் வாயில் நுழையவில்லை. டாக்டர் இவர்கள் இருவரையும் தனியாக உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னார். நோய் நாளாக ஆக இருதயத்தையும் பிடிக்கும், நாலைந்து வருடம்தான் சொல்லமுடியும் என்பது ஒன்று. இப்போதைக்கு மருந்தில்லை, வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறது, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்துவிடலாம் என்பது இன்னொன்று.

தமிழ்ச்செல்வி முதலாவதைக் கேட்டாள். குணசீலன் இரண்டாவதைக் கேட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பத்தில் நாலு போனால் ஆறு. நடுவில் இருக்கிற இந்த ஆறு வருடத்தை எப்படியாவது தாண்டிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து அவனுக்கு வேறு வெசனமே இல்லை.

பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம். குணசீலன் லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை என்பதால் கனிஷ்கா அரை நாளிலேயே வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் கொடுத்த சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, வேகமாப் போறவங்களுக்கு நேரம் மெதுவா ஓடும். தெரியுமா உங்களுக்கு?"

"ஆரு சொன்னது?"

"எங்க தனப்பிரியா மிஸ். ரெட்டைப் புள்ளைங்க ரெண்டு பேருல ஒருத்தி ராக்கெட்டுல ஏறி, பயங்கர வேகத்துல போயிட்டுத் திரும்பி வாரான்னு வெச்சுக்கங்க. அவளுக்கு ரெண்டே வருசந்தான் ஆயிருக்கும். ஊட்டுல இருந்தவளுக்கு அம்பது வருசம் ஆயி, பல்லுப் போன கெழவி ஆயிருப்பா. ராக்கெட்டுல போனவ வருங்காலத்துக்கே போயிட்டான்னு அர்த்தம்."

"கதையா சாமி?"

"கதையில்லீங்ப்பா, நெசம். நானும் ஒரு ரெண்டு வருசம் ராக்கெட்டுல சுத்திட்டு வந்து எறங்குனா, அந்த டாக்டரு கையில மருந்தோட நிப்பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். குணசீலன் சோற்றை மறந்துவிட்டான். எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஒரு வருடமாக அவன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஆறு வருடத்தை இந்தப் பிள்ளை ஒரே தாவில் தாண்டிவிட்டது.

"எத்தன வேகம் போகோணும் அம்மிணி?"

"நொடிக்கு மூணு லச்சம் கிலோமீட்டருக்குப் பக்கத்துல."

"மணிக்கா?"

"நொடிக்கிங்ப்பா! ஆமைக்கு ஆவற காரியமா அது?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. "இன்னொரு வழியும் இருக்குதுங்ப்பா" என்றாள்.

"சொல்லு, சொல்லு."

"பூமிக்குக் கிட்டக்கத் தாழ்வா இருக்கறவங்களுக்கு நேரம் மெதுவா ஓடும். மேல போகப்போக வேகமா ஓடும். கொல்லிமலை மேல இருக்கற கடியாரம் நம்மூட்டுக் கடியாரத்த விட வேகமா ஓடும்."

"மேல இருந்தா நேரம் சீக்கிரம் தீந்துரும். கீழ இருந்தா மிச்சமாவும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

எவ்வளவு மிச்சமாகும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறு நடைக்குப் போகும்போது பெருந்துறைப் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த என்ஜினியரிங் காலேஜ் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, மலை மேல கடியாரம் வேகமா ஓடும்ங்கறாங்களே, நெசமா?" அந்தப் பையன் ஆச்சரியப்பட்டுப் போனான். "ஆமாங்ண்ணா, நெசந்தான். கடியாரம் வெச்சே பாத்திருக்காங்க. ஆனா அது பாத்தீங்ன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது. ஓடி ஏறிக்கொண்டான். அவன் சொல்லவந்த 'ஆனா' பஸ்ஸிலேயே போய்விட்டது. குணசீலனுக்கு 'நெசந்தான்' போதுமாக இருந்தது.

அதன் பிறகு அவன் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. சாயங்காலம் ஆனால் கனிஷ்காவை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் மலையைக் காட்டுவது வழக்கம். அதை நிறுத்தினான். அவள் படுக்கிற கட்டிலைக் கழற்றிக் கொட்டகையில் போட்டான். மெத்தையைத் தரையில் விரித்தான்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்திகித்தி கெட்டுப்போச்சா? எந்திரிக்க முடியாத புள்ளையத் தரையில போடறீங்க?" என்று தமிழ்ச்செல்வி சண்டைக்கு வந்தாள்.

"ரெண்டடி கொறையுதல்ல? ரெண்டடிக்கு உண்டானது மிச்சந்தான?"

"என்ன மிச்சம்?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

மகள் மெத்தையில் படுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்ததும் தமிழ்ச்செல்வி சண்டையை விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கும் போனான். பத்தாம் வகுப்பு மாடியில் இருந்தது, பையன்கள் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். வகுப்பைக் கீழே மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் முன்னால் ஒற்றைக் காலில் நின்றான். அவர் சக்கர நாற்காலிக்காகக் கேட்கிறான் என்று நினைத்து, இது முன்னாடியே எங்களுக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டு, அடுத்த வாரமே மாற்றிக் கொடுத்தார். அந்த வருடம் முழுக்க நாற்பது பிள்ளைகள் கீழே உட்கார்ந்து படித்தது எதற்காக என்று அவர்களில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் கிறுக்குத்தனம்தான். ஆனால் யாருக்கும் கெடுதலில்லை. கெடுதல் ஆடி மாதத்தில் வந்தது.

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை ஏறுவது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய காரியம். மலை மேலே ஆற்றில் முழுகி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். தமிழ்ச்செல்வி பிள்ளையைக் கூட்டிவருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கனிஷ்காவுக்கு வேண்டுதல் எல்லாம் இரண்டாம்பட்சம். அவளுக்கு மலை மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் கீழேயிருந்து மலையைப் பார்த்திருக்கிறாள். மேலேயிருந்து தன் வீட்டைப் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று தட்டிப்போனது. அப்பனுக்கு லோடு, இல்லாவிட்டால் அம்மாவுக்குக் காய்ச்சல்.

"எழுபது வளைவு ஏறி, அங்க பார்வை முனை ஒண்ணு இருக்குதாமுங்ப்பா. அங்கிருந்து பாத்தா நம்ம பக்கமெல்லாம் தெரியுமாம். நம்மூட்டு மாடியில அம்மாவோட செவப்புச் சீலையக் காயப்போட்டுட்டுப் போலாம். அத வெச்சு ஊட்டக் கண்டுபுடிச்சுருவேன்."

"வேண்டாம் சாமி."

"ஒரே ஒரு நாளுங்ப்பா. காத்தால போயிட்டுப் பொழுதோட வந்தர்லாம்."

"ஒரு நாளும் நாளுதான கண்ணு? அங்க நேரம் தண்ணியா ஓடுமில்ல. நீதான சொன்ன?"

தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் மெத்தையின் கதையும் மாடியின் கதையும் முழுசாக விளங்கியது. "பாவி மனுசா, சாமி கும்புடப் போறதுக்குக் கூடவா கடியாரம் பாப்பாங்க?" என்று கத்தினாள். கெஞ்சினாள். ஒரு நாள் முழுக்கச் சமைக்காமல் படுத்துக்கொண்டாள். ஊரே வேன் பிடித்துப் போனது. குணசீலன் பிடித்த பிடியை விடவில்லை. முட்டை வண்டிக்காரனுக்குச் சின்னக் கீறல் என்று ஒன்று உண்டா என்ன? மேலே போகிற ஒரு நாளில் எங்கேயோ ஒரு மயிரிழை விழுந்து, கடைசியில் மருந்து வருவதற்கு ஒரு வாரம் முன்னால் பிள்ளை போய்விட்டால்? அந்த ஒரு வாரம் இந்த ஒரு நாளில் போனதாக இருந்துவிட்டால்?

பதினெட்டு முடிந்த பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போய்வரலாம் என்று தாயும் மகளும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆடி முடிகிற சமயத்தில் ஒரு நாள் அவனே மெத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மருந்து வரட்டும் அம்மிணி. வந்து, நீ எந்திரிச்சு நடந்ததுக்கப்பறம் மலை மேலயே ஒரு ஊடு கட்டிக் குடி போயரலாம். நேரம் வேகமா ஓடுனா ஓடிட்டுப் போவுது."

கனிஷ்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "செரிங்ப்பா" என்றாள். அதற்கப்புறம் மலை என்கிற பேச்சை எடுக்கவே இல்லை. ஆச்சரியமாகத் தமிழ்ச்செல்வியும் எடுக்கவில்லை. ஒரு வழியாகப் புரியவைத்துவிட்டோம் என்று குணசீலன் நிம்மதியாக லோடுக்குப் போனான்.

டாக்டர் நாலைந்து வருடம் என்றார். இரண்டு வருடம்கூடக் கிடைக்கவில்லை. தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாள். பாலக்காட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வாளையார் வந்தபோது போன் வந்தது. பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றாள் தமிழ்ச்செல்வி. குணசீலன் அன்றைக்குத்தான் வண்டியை ஓட்டினான் என்று சொல்ல வேண்டும். எண்பது, தொண்ணூறு என்று முள் ஏறியது. லாரி ஆடியது. ஆரன் அடித்தான், முந்தினான், எதிரே வந்தவன் திட்டினான். அவிநாசி தாண்டும்போது மறுபடியும் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. எடுக்காதவரைக்கும் பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு வீடுவரை ஓட்டினான். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

அழுதான், புரண்டான், அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தான்.

முப்பது நாள் காரியம் முடிந்ததும் சக்கர நாற்காலியைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்கப் போனான். தனப்பிரியா டீச்சர்தான் இருந்தார். சின்ன வயசு, வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. நாற்காலியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குணசீலன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கோணும். மலை மேல ஒரு நாள் இருந்துட்டு வந்தா நேரம் எவ்வளவு கொறையுமுங்க?"

"என்னங்க அண்ணா?"

"பாப்பா ஆசைப்பட்டுக் கேட்டுதுங்க. நாந்தான் கொறஞ்சு போயிருமுன்னு கூட்டிட்டுப் போகல. அப்படிப் பாத்தும் மிச்சம் ஒண்ணுமே நிக்கலீங்களே. எங்க தப்பாப் போச்சுன்னு தெரியலீங்க."

டீச்சர் முகம் வெளுத்துப்போனது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு நொடிய எடுத்துக்கங்க அண்ணா. அதப் பத்துக் கோடித் துண்டாப் போட்டா, அதுல ஒரு துண்டு. ஒரு நாள் பூராக் கொல்லிமலை மேல இருந்தா அவ்வளவுதான் போகும்."

குணசீலனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டான். அவர் மறுபடி சொன்னார். கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் எத்தனை லட்சம் நாள் மலை மேல் இருக்கலாம் என்றும் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

"நூறு வருசம் இருந்தாலும் ஒரு நொடி போகாதுங்களா?"

"போகாதுங்க."

"ஆயிரம் வருசம்?"

"அப்பவும் போகாதுங்க அண்ணா."

அவன் எழுந்தான். எழுந்தவன் அந்தச் சக்கர நாற்காலியின் கைப்பிடியையே பிடித்துக்கொண்டான்.

"பாப்பாவுக்கு இது தெரியாதுங்களா?" என்று கேட்டான். தெரியாது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு உயிர் துடித்தது.

டீச்சருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆடி மாசக் கடைசியில இதே கேள்விய எங்கிட்ட கேட்டா. நாந்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாகிட்டச் சொல்லு, கூட்டிட்டுப் போவாருன்னேன். வேண்டாம் மிஸ், எங்கப்பா இத ஒண்ணத்தான் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறாரு, அதையும் புடுங்கிட்டா அவரு தாங்க மாட்டாருன்னு சொன்னா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. தமிழ்ச்செல்வி முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். டீச்சர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தான். பாதிதான் வந்தது.

"தெரியுமுங்க" என்றாள் அவள். துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னைக்கே சொன்னா. இனி மலைப் பேச்ச எடுத்து அப்பாவ நோகடிக்காதம்மான்னு சொன்னா."

"அவதான் சின்னப் புள்ள. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஏண்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லி? அதுக்கப்பறம் நீங்க எத நம்பி வண்டியெடுப்பீங்க? நீங்க லோடுக்குப் போறப்பெல்லாம் அவ மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவீங்கல்ல, அதுக்காகத்தாங்க அவ மெத்தையில கெடந்தா. அதப் பறிக்க எனக்கு மனசு வரல."

குணசீலன் தலையில் அடித்துக்கொண்டான். பிள்ளைக்கு நேரம் சேர்த்துக் கொடுப்பதாக நினைத்து ஏழெட்டு மாதம் தரையிலேயே கிடத்தியிருக்கிறான். அதைத் தெரிந்துகொண்டே, அப்பனுக்காக அவள் கிடந்திருக்கிறாள். கேட்டது ஒரே ஒரு நாள். கிழக்கே கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் மலை. லாரி ஓட்டத் தெரிந்த அப்பன். ஊரில் பாதிப் பேரிடம் வண்டி இருக்கிறது. அந்த ஒரு நாளைக் கொடுக்கக் கையாலாகாமல் போய்விட்டது.

தலையை நிமிர்த்தி அவளிடம் கேட்டான். "நாளைக்கு லோடு வேண்டாம்னு சொல்லிரட்டுமா? நாம ரெண்டு பேரும் மேல போயிட்டு வரலாமா?"

தமிழ்ச்செல்வி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. கோபப்படுகிற தெம்பு அவளிடம் இல்லை.

"மேல போயி எதப் பாக்கறதுங்க? இந்த ஊட்டையா?"

குணசீலன் அவள் மடித்து வைத்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.